நாலு வரைக்கும்

குளிசைகளைத் தட்டில் கொட்டி
ஐந்து ஐந்தாய்த் தள்ளி எண்ணுவது என் வேலை.
சிற்றம்பலம் பாமசி, கஸ்தூரியார் வீதி.
ஐந்தாவது விழும்போதெல்லாம்
நாக்கின் அடியில் ஏதோ ஒன்று
வாலை மாற்றிக்கொள்கிறது.
எவருக்கும் சொன்னதில்லை.

ருஷ்ய மொழியில்
ஒன்றுக்கு ஆண் உண்டு, பெண் உண்டு, இரண்டுமில்லாததும் உண்டு.
இரண்டில் பெண் மட்டும் தனியாய் நிற்பாள்.
மூன்றுக்கு அந்தக் கவலை இல்லை.
கூர்ஸ்க் விடுதியில் படுக்கை விரிப்பு எண்ணித் தரும் தமாரா
நான் "த்வா" என்று கேட்டால்
விரிப்பின் மேலிருந்து கையை எடுக்கமாட்டாள்.
"த்வே."
விரிப்பு பெண்ணாம்.
வெளியே மைனஸ் இருபது.
இலக்கணம் பிழைத்தால் விறைக்கும் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு வருசம், கோத்.
இரண்டு கோதா, மூன்று கோதா, நாலு கோதா.
நாலு வரைக்கும் வருசம் ஒருமைதான்,
யாருக்கோ உரியது போல
ஒரு வேற்றுமையை மட்டும் உடுத்திக்கொண்டு.
ஐந்தில் அந்தச் சொல்லே கழன்று போகும்.
லேத்.
லேத் என்றால் கோடைகளின்.
ஐந்து கோடைகளின், ஆறு கோடைகளின்.
பாதி வருசம் பனி மூடும் ஊரில்
அப்படி எண்ணினால்தான்
எண்ண மனம் வரும் போல.

நாற்பதுக்குள் நாலும் இல்லை, பத்தும் இல்லை.
சோரக். எவரோடும் சேராது.
தொண்ணூறு மட்டும் எனக்குச் சொந்தம் மாதிரி:
அங்கேயும் அது
நூறின் பெயரை முன்கூட்டியே போட்டுக்கொண்டு நிற்கிறது,
எங்கள் தொண்ணூறைப் போலவே,
கடன் வாங்கிச் சட்டை தைத்தவன் போல.

இரண்டாயிரத்து ஆறு, ஆவணி.
நாலாம் வருசம் முடித்து லீவுக்கு வந்திருந்தேன்,
ஒரு பெட்டி, திரும்பிப் போக டிக்கெட்.
முகமாலையில் பாதை பூட்டியது.
கப்பலுக்குப் பதிந்த வரிசையில்
என் இலக்கம் நாலாயிரத்துச் சொச்சம்.
முதலில் டிக்கெட்டின் திகதி போனது.
பிறகு விசா.
பிறகு அப்பாவின் கடை.
டொக்டராக ஆறு வருசம் வேண்டும்.
நான் கோதாவில் நின்றுபோனேன்.
எனக்குக் கோடைகள் வரவேயில்லை.
யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு
இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

நேற்று மத்தியானம்
தோளெல்லாம் வெயில் உரித்து,
காசுரீனாக் கடற்கரை மணல் செருப்போடு
ஒருவனும் ஒருத்தியும்.
அவனுக்கு வயிறு.
அவள் போனைப் பேசவைத்து நீட்டினாள்:
"இவரது வயிறு நடக்கவில்லை, ஓடுகிறது" என்றது போன்.
நான் போனை ஓரமாய் வைத்தேன்.
த்வே தப்லேத்கி.
த்ரீ ராஸா.
பியாத் த்னேய்.
பதினெட்டு வருசம் பெட்டிக்குள் கிடந்தும்
ஒரு வாலும் உதிரவில்லை.
"கோசலை, உது என்ன பாஷை பிள்ளை?"
முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

ஸ்கோல்க்கா லேத்?
அங்கே எவ்வளவு காலம் இருந்தாய் என்கிறாள்.
எத்தனை என்று கேட்கும்போதே
கோடைகளாகத்தான் கேட்பார்கள்,
பதில் தெரியும்வரை
எல்லாரும் நாலைத் தாண்டியவர்கள் என்று
அந்த மொழிக்கு ஒரு நம்பிக்கை.
"சித்தீரி கோதா" என்றேன்.
அவள் ஒன்றையும் கவனிக்கவில்லை.
தாய்மொழி கவனிக்காது.

பிறகு எங்கள் ஆட்கள் மாதிரியே
வயதையும் கேட்டாள்.
சோரக் அதீன் கோத்.
நாற்பத்தொன்று.
ஒன்றில் முடிகிற எண்ணுக்கு
மறுபடி ஒருமை.
(பதினொன்று விலக்கு. அது எங்கும் தன்பாட்டுக்குத்தான்.)
நாற்பதும் எங்கேயோ கழிந்துபோக
வாய்க்குள் ஒரே ஒரு வருசம்,
இன்னும் யாருக்கும் உரியதாகாமல்.

அவர்கள் மிச்சக் காசை எண்ணாமலே
எடுத்துக்கொண்டு போனார்கள்.
அடுத்தவர் துண்டை நீட்டினார்.
மெற்போமின், முப்பது.
தட்டைச் சாய்த்தேன்.
ஒண்டு. ரண்டு. மூண்டு. நாலு.
கொஞ்சம் நின்றேன்.